அம்மாவின் மதிய டப்பா

ஐந்தாவது படிக்கும்போது எனக்கு ஒரே ஒரு விரோதிதான் இருந்தாள். தினமும் காலை ஆறரைக்கு எங்கள் வாசலில் வந்து நின்று, "இன்னா பொண்ணு, கெளம்பிட்டியா? பஸ்ஸு உனக்கோசரம் நின்னுக்கினு இருக்குமா?" என்று அம்மாவைப் பார்த்துத் தெருவே கேட்கக் கத்தும் அத்தை. உறவொன்றும் இல்லை. அம்மாவோடு ஒரே கம்பெனியில் வேலை செய்தாள், அதனால் அத்தை.

அப்பா போன பிறகு அம்மா நடவு வேலையை விட்டுவிட்டு, கும்மிடிப்பூண்டியில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் சேர்ந்திருந்தாள். பலகையில் படம் போட்டிருக்கும். அதன்படி நிறம் பார்த்து ஒவ்வொரு ஒயரையும் அதனதன் ஓட்டையில் சொருக வேண்டும். மூன்று மாதம் கழித்து டெஸ்ட். தேறினால் வேலை, இல்லாவிட்டால் வீடு. அம்மாவுக்கோ ஊதாவும் நீலமும் கைக்கு வந்ததும் ஒன்றாகிவிடும். சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றாலே சரியாகச் சொருகியதையும் பிடுங்கிவிடுகிறேன் என்பாள். காலையில் கேஸை மூடினோமா என்று மூன்று முறை போய்ப் பார்ப்பாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிடுவாள். "வவுத்து வலியா? பஸ்ல ஏறு, தானா பூடும்" என்று அத்தை உள்ளே வந்து கையைப் பிடித்து இழுத்துப் போவாள். பள்ளியில் எனக்கும் இருப்புக் கொள்ளாது. அம்மா வேலையை விட்டுவிட்டு வந்திருப்பாளோ என்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதற்கு நடுவில் எனக்கு ஒரு யோகம் அடித்தது. அம்மாவின் மதிய டப்பா கொண்டுபோனபடியே திரும்பி வந்தது. புளிசோறும் உருளைக்கிழங்கு வறுவலும். அம்மா பையைக் கீழே வைப்பதற்குள் எடுத்துக் காலி செய்துவிடுவேன். ஏன் சாப்பிடவில்லை என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அத்தை ஒருநாள் என்னை மடக்கினாள். "உங்கம்மா மத்தியானம் துன்றாளாடி?"

"எங்க? நான்தான் துன்றேன்" என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன்.

மறுநாளிலிருந்து டப்பா காலியாகக் கழுவியே வந்தது. கேன்டீன் மூலையில் தனியாக உட்கார்ந்திருந்த அம்மாவை அத்தை தன் கூட்டத்துக்கு இழுத்துப் போய்விட்டாளாம். அங்கே ஒரு வழக்கம். அவரவர் டப்பாவை அவரவர் திறக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவள்தான் திறந்து, முதல் வாய் சாப்பிட்டுவிட்டு, சுற்றுக்கு விட வேண்டும். அம்மாவுடையதைத் திறப்பது அத்தை. சாப்பிட்டபடியே ஒயர் நிறங்களை வாய்ப்பாடு போல ஒப்பிக்க வேண்டும். "நடவுல வரப்புமேல உக்காந்து துன்ன மாதிரியே கீது" என்றாள் அம்மா. வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போதும் "செவப்பு, கருப்பு, ரெண்டு பச்ச, ஊதா" என்று முணுமுணுத்தாள். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. என் உருளைக்கிழங்கு போயிற்று.

டெஸ்ட் நாளன்று காலை அம்மா தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் டப்பாவைத் திறந்து, அத்தை தின்று தொலையட்டும் என்று மூன்று ஸ்பூன் உப்பைக் கொட்டிக் கிளறி மூடினேன். பஸ் போன பிறகுதான், டப்பா சுற்றி அம்மாவிடமும் வருமே என்று உறைத்தது. டெஸ்ட்டோ சாப்பாட்டுக்குப் பிறகு. ஐயோ, அன்றைக்கு நான் பட்ட பாடு! கணக்கு டீச்சர் இரண்டு முறை எழுப்பி நிற்க வைத்தார். வீட்டுக்கு வந்தும் உட்கார முடியாமல் தெருமுனைக்கும் வாசலுக்கும் நடந்தேன்.

அம்மா சிரித்துக்கொண்டே வந்தாள். தேறிவிட்டாள். பின்னாலேயே அத்தை.

"இவங்க பண்ண கூத்தக் கேளு" என்றாள் அம்மா. "டப்பாவத் தொறந்து ஒரு வாய் வெச்சாங்க. 'இத யாருக்கும் தரமாட்டேன், நீ என்னுத துன்னுடி'ன்னு மொத்தத்தயும் அவங்களே துன்னுட்டாங்க!"

அத்தை என்னையே பார்த்தாள். "புளிசோறு சூப்பரு கண்ணு. கொஞ்சம் தண்ணி குடு."

நின்றபடியே ஒரு டம்ளர் குடித்தாள். இன்னொன்று. பிறகு மூன்றாவது.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது. உப்புக்கூடத் தெரியாத நாக்கா? டப்பா முழுக்கத் தின்றது போதாதென்று, நாங்கள் காசு கொடுத்து வாங்கும் கேன் தண்ணீரையும் தீர்க்கிறாளே என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே நான்காவது டம்ளரை நிரப்பினேன்.