பேனரின் இன்னொரு முனை

பீகார் வெள்ளத்துக்காகத் தொழிலாளர்கள் நாங்கள் சேர்த்த அரிசியும் போர்வையும் இன்று காலை கும்மிடிப்பூண்டியில் லாரி ஏறின.

லாரியை மறைத்து ஒரு பேனர். பேனர் முழுக்க எங்கள் கான்டிராக்டர் முகம்.

ஒரு முனையை நான் பிடித்திருந்தேன். மறுமுனையில் ராஜேஷ். வெள்ளத்தில் போனது அவன் வீடும்தான்.

"சார், அம்மா போன் எடுக்கல. இந்த வண்டியிலயே போறேன், லீவு குடுங்க" என்றான்.

"ஷிஃப்டுக்கு ஆளு இல்ல. உங்க ஊருக்குத்தானே அனுப்பிக்கினு இருக்கோம்? இன்னா மூஞ்சி இது, போட்டோக்கு சிரி" என்றார் கான்டிராக்டர்.

நான் என் முனையை விட்டுவிட்டேன். அவர் முகம் சேற்றில் விழுந்தது.

கேட்ட ராஜேஷுக்கு லீவு இல்லை. கேட்காத என்னை நாளையிலிருந்து வரவே வேண்டாம் என்கிறார்கள்.

யாருக்காவது ஆள் வேண்டுமா? எந்த வேலையும் செய்வேன், பேனர் மட்டும் பிடிக்க மாட்டேன்.