அலெக்ஸாண்டிரியாவில் ஒரு குகைக் கோயில்

காலை எட்டரை மணிக்கு மகள் வீட்டிலிருந்து வாடகைக் காரில் கிளம்பினோம், நானும் என் மனைவி மீனாட்சியும். மகளுக்கு இது ஒன்பதாம் மாதம். பிரசவத்துக்குத் துணையாக வந்த மீனாட்சிக்கு ஊர் சுற்றும் எண்ணமே இல்லை. புதுக்கோட்டையில் காலமெல்லாம் வரலாற்றுப் பாடம் நடத்திய நான்தான் நச்சரித்து இழுத்துப் போனேன்.

இந்தத் துறைமுக நகரத்தில் புகழ்பெற்றவை எல்லாம் இல்லாதவை. கலங்கரை விளக்கம் எங்கே என்றால், அது இடிந்த இடத்தில் எழுந்த கைத்பே கோட்டையைக் காட்டுகிறார்கள். கோட்டை வாசலில் குதிரைவண்டிக்காரர்கள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். பழைய நூலகம் அழிந்துவிட்டது; அதன் பெயரில் கட்டிய புதியது, வெள்ளிக்கிழமை என்பதால் காலையில் பூட்டிக் கிடந்தது. பாம்பியின் தூணுக்கும் பாம்பி என்ற ரோமானியத் தளபதிக்கும் சம்பந்தம் இல்லை; அது பின்னால் வந்த ஒரு ரோமானியப் பேரரசனுக்கு நட்டது. ஊரை நிறுவிய அலெக்ஸாண்டரின் சமாதியோ எங்கே என்று எவருக்கும் தெரியாது.

“இல்லாததப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தோம்?” என்றாள் மீனாட்சி. எனக்கு எரிச்சலாக இருந்தது.

தூணிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் கோம் எல் ஷுகாஃபா. பாறையைக் குடைந்து மூன்று அடுக்காக இறங்கும் நிலவறை. உள்ளே இருப்பவை கல்லறைகள். அதை மீனாட்சியிடம் நான் சொல்லவில்லை. எங்கள் அன்னவாசல் பக்கம் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டார் பிணம் கிடந்த இடத்துக்குப் போகமாட்டார்கள். போக நேர்ந்தால் தலைமுழுகாமல் அவளைத் தொடமாட்டார்கள். சொன்னால் தானும் வரமாட்டாள், என்னையும் விடமாட்டாள். வகுப்பில் எத்தனையோ முறை கரும்பலகையில் வரைந்து காட்டிய இடம் அது. குன்றாண்டார்கோவில் மாதிரி ஒரு குடைவரை என்று சொல்லிவைத்தேன்.

உடனே செருப்பைக் கழற்றிவிட்டாள். கீழே ஈரம், போட்டுக்கொள் என்று கடிந்துகொண்டேன். கோயில் என்று சொன்னது நீங்கள்தானே என்றாள். ஆழமான கிணற்றைச் சுற்றிச் சுற்றிப் படிகள் இறங்கின. கிணறு எதற்கு என்று கேட்டாள். சவங்களைக் கயிறு கட்டி இறக்கிய வழி அது. வெளிச்சத்துக்கு என்றேன்.

அடியில் ஒரு வாசல். இருபுறமும் கிரீடம் வைத்த நாகங்கள். உள்ளே ரோமானியப் போர்வீரன் உடையில், நாய் முகத்தோடு ஒரு காவல் தெய்வம். துவாரபாலகருக்கு ஏன் நாய் முகம் என்றாள். பைரவர் வகை என்றேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நாகத்துக்கு நேரே கண்மூடி நின்று மகளின் பெயரைச் சொல்லி, சுகப்பிரசவம் ஆகவேண்டும் என்று முணுமுணுத்தாள். அப்போதாவது நான் தடுத்திருக்க வேண்டும். தூண்களின் வேலைப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலே வந்ததும் எங்கள் கார் ஓட்டுநர் மஹ்மூதிடம் வாசலைக் காட்டிக் கைகூப்பினாள். “குட் காட்” என்றாள்.

அந்த மனிதர் திகைத்துப்போனார். “நோ காட், மேடம். டெட்பாடி. ஆல் டெட்பாடி.”

மீனாட்சி என்னைப் பார்த்தாள். “நெசமாங்க?”

தலையசைத்தேன்.

“எம்புள்ளைக்குப் பொணக்குழியில போயி வேண்டிக்கிட வச்சுட்டீங்களே.”

அது கலைக்கூடம், இரண்டாயிரம் ஆண்டுப் பழசு, தீட்டெல்லாம் இருக்காது என்று ஏதேதோ சொன்னேன். கடற்கரைச் சாலையில் காரை நிறுத்தச் சொன்னாள். கட்டிய சேலையோடு மணலில் இறங்கிப் போனாள். நாலு பேர் பார்க்கிறார்கள் என்று பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினேன். ஒருவரும் பார்க்கவில்லை. அந்தக் கடலில் பெண்கள் முக்காடும் நீள அங்கியுமாகத்தான் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மாள் நகர்ந்து இவளுக்கு இடம்விட்டாள்.

முழுகி எழுந்து, “நீங்களும் எறங்குங்க. இப்புடியே வந்து அவ மூஞ்சியில முழிக்காதீங்க” என்றாள். கால்சட்டையோடு இறங்கினேன். அக்டோபர் மாதத் தண்ணீர் எனக்குச் சில்லென்று இருந்தது.

மஹ்மூத் இருக்கையில் பிளாஸ்டிக் தாளை விரித்தார். வழியெல்லாம் மீனாட்சி முந்தானையைப் பிழிந்துகொண்டே வந்தாள். மகளிடம் சொல்லிவிடுவாள், சொல்லட்டும் என்று இருந்தேன்.

கதவைத் திறந்த மகள் எங்களைப் பார்த்து மிரண்டாள். “என்னம்மா இது, ரெண்டு பேரும் சொட்டச் சொட்ட வந்து நிக்கிறீங்க?”

“ஒங்கப்பாவுக்குக் கடல்ல குளிக்கணும்னு ஆசை வந்துருச்சுத்தா” என்றாள் மீனாட்சி. “புடிச்சாப் புடிச்சதுதானே.”

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்த வயதில் இதெல்லாம் தேவையா அப்பா என்றாள். மகளிடம் மீனாட்சி பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. தேவையில்லைதான் என்று சொல்லிவிட்டு, துண்டு எடுக்கப் போனேன்.