வேங்கிக்காலில் மரபணு பற்றிப் பேசினேன்

நான் வாழும் டச்சு நகரத்தில், மரபணு ஆராய்ச்சி பற்றிய பொதுச் சொற்பொழிவுக்குச் சனிக்கிழமை காலையில் குடும்பத்தோடு வருகிறார்கள். கையில் காபி, மடியில் ஆப்பிள் கேக். புற்றுநோய் ஒரு வீட்டில் தலைமுறை தலைமுறையாக எப்படி இறங்குகிறது என்று நான் சொல்லும்போது முன்வரிசையில் ஒருவர் மென்றுகொண்டே தலையாட்டுவார். பதினைந்து ஆண்டுகளாகியும் அது எனக்குப் பழகவில்லை. ஒருமுறை ஒரு பெண்மணி கேட்டார்: "உங்கள் நாட்டில் தாய்மாமனையே மணப்பார்களாமே, உங்கள் வீட்டிலும் உண்டா?" இல்லை என்றேன். சுவையான கதை ஒன்று தவறிப்போனதுபோல் முகம் வாடினார். அயல்நாட்டில் வாழ்பவர்களுக்குத் தெரியும், சில கேள்விகளுக்குப் பொய்தான் சுருக்கமான பதில்.

எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூரில் என் அம்மாவின் தம்பிக்கு என்னைக் கட்டிக்கொடுப்பதாகத்தான் பேச்சு. பிளஸ் டூவில் விலங்கியல் டீச்சர் ஒருநாள், நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் பிள்ளைகளுக்குச் சில நோய்கள் வரும் வாய்ப்பு கூடும் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். எனக்கு அது மனதைவிட்டுப் போகவில்லை. வீட்டில் "நான் படிக்கணும்" என்று மட்டும் சொல்லி, சாப்பிடாமல் கிடந்து ஜெயித்தேன். மூன்று வருடம் கழித்து அதே மாமாவுக்கு என் தங்கை செல்வியைக் கட்டிவைத்தார்கள். டீச்சர் சொன்னதை அவளிடம் சொல்லியிருக்கலாம். நான் மறுத்த காரணம் மாமாவுக்குத் தெரிந்துவிடுமே என்று கூச்சம். சென்னை ஹாஸ்டலிலிருந்து கல்யாணத்துக்கு வந்து, பந்தியில் பரிமாறிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மூத்தவள் திவ்யா நன்றாகப் பிறந்தாள். அடுத்துப் பிறந்த தருணுக்குக் கழுத்தே நிற்கவில்லை. தசைகளை இயக்கும் நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிப்போகும் பரம்பரை நோய். இரண்டு வயது நிறையும் முன்பே போய்விட்டான். எனக்கு அது நெதர்லாந்தில் முதல் குளிர்காலம். செல்வி அழுததைப் போனில் கேட்டேன்.

சென்ற ஜனவரியில் ஊருக்குப் போனபோது, திருவண்ணாமலையில் கல்லூரி ஆசிரியையாக இருக்கும் தோழி, வேங்கிக்காலில் ஒரு மண்டபத்தில் என்னைப் பேச வைத்தாள். செல்வி பட்டுப்புடவையில் வந்து இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தாள். "எங்க அக்காதான்" என்று பக்கத்தில் சொன்னது மேடைக்கே கேட்டது.

ஒருவர் எழுந்தார். "மேடம், எந்த ஜாதிக்கு எந்த வியாதி ஜாஸ்தினு லிஸ்ட் இருக்குதுங்களா?"

ஜாதியை விடுங்கள் என்று விளக்கத் தொடங்கினேன். எல்லோரிடமும் பழுதான மரபணுக்கள் சில ஒற்றைப் பிரதியாக இருக்கும்; கூடவே இருக்கும் நல்ல பிரதி நம்மைக் காப்பாற்றிவிடும். ஒரே குடும்பத்து இருவர் கட்டிக்கொண்டால், இரு பக்கத்திலிருந்தும் ஒரே பழுது ஒரு குழந்தையிடம் வந்து சேரும் வாய்ப்பு அதிகம். செல்வி முந்தானையை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

பஸ் ஸ்டாப்பில்தான் கேட்டாள். "அக்கா, இது உனக்கு எப்ப தெரியும்?"

"பிளஸ் டூ படிக்கிறப்போ."

"மாமாவ வேணாம்னு சொன்னியே, அதுக்கு முன்னாடியா?"

ஆமென்று தலையாட்டினேன்.

"என் வயித்துலதான் கோளாறுன்னு ஊரே பேசிச்சு. மாமாகூட ஒருதபா சொல்லிட்டாரு. மண்டபத்துல அத்தினி பேருக்குச் சொல்றியே, எனக்குச் சொல்லலையே நீ."

பஸ் வந்தது. ஏறி, நான் உட்கார இடமில்லாத சீட்டாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

மறுவாரம் அவளே போன் செய்தாள். திவ்யாவைச் சொந்தத்தில் பெண் கேட்கிறார்களாம். "டெஸ்ட் எடுத்துடலாம். நீயும் வா." வேலூரில் ஒரு மருத்துவமனையில், ஆலோசகப் பெண் எங்கள் குடும்பத்தைத் தாளில் வரைந்தாள். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். மாமாவுக்கும் செல்விக்கும் நடுவே, சொந்தத்தில் கட்டியதற்கு, இரட்டைக் கோடு. தருணின் கட்டத்தின் மேல் ஒரு சாய்கோடு.

"இவங்க யாருங்க?" என்று என்னைக் காட்டிக் கேட்டாள்.

"எங்க அக்கா. வெளிநாட்டுல இருக்காங்க."

செல்வி என்னை 'இருக்காங்க' என்று சொன்னது அதுவே முதல் தடவை. திவ்யாவும் செல்வியும் நானும் ரத்தம் கொடுத்தோம்.

முடிவு வந்தபோது நான் நெதர்லாந்து திரும்பியிருந்தேன். திவ்யாவிடமும் அந்தப் பழுது ஒரு பிரதி இருந்தது. செல்வி அந்தச் சம்பந்தம் வேண்டாமென்றாள். ஏன் என்பதையும் சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னாலும் சொன்னாளாம். மாமா அவளோடு பேசுவதில்லை என்று அம்மா போனில் அழுதாள்.

பிறகு ஒரு மாலை செல்வி அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பினாள். ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. பழுது ஒரு பிரதி இருப்பதன் அடையாளமாக அவள் வட்டத்தில் பாதியைக் கறுப்பாக்கியிருந்தார்கள். பக்கத்தில், அதே கோட்டில் தொங்கிய என் வட்டத்திலும் பாதி கறுப்பு. எனக்குக் கீழே பிள்ளைக் கோடு எதுவும் இறங்கவில்லை. பதில் எழுதப் போனைத் தொட்டால் டச்சு எழுத்துகள் வந்தன. தமிழுக்கு மாற்றினேன். 'செல்வி' என்று அடித்தேன்.