வலது கையில் கட்டிய கடிகாரம்

கடைக்காரர்களுக்கு என்னைக் கண்டால் கொஞ்சம் பயம்தான். குக்கர் வாங்கப் போனால்கூட மூடியைப் பத்து முறை திறந்து மூடிப் பார்க்காமல் விடமாட்டேன். அதனால் என் வீட்டுக்காரருக்கு ஸ்மார்ட்வாட்ச் வாங்கும் பொறுப்பை நான் யாரிடமும் கொடுக்கவில்லை.

அவர் மாட்டுங்காவில் ஒரு ஓட்டலில் தோசை மாஸ்டர். சர்க்கரை ஏறிக்கிடந்தது. "தினமும் நடக்கணும். மூணு மாசத்துல குறையலன்னா இன்சுலின் ஊசிதான்" என்று செம்பூர் டாக்டரம்மா சொல்லிவிட்டார். தோசைக்கல்லின் அனலுக்கு அசையாத மனுஷன், ஊசி என்றால் கண்ணை இறுக மூடிக்கொள்வார். வேலை முடிந்து தாராவிக்கு நடந்தே வருவதாக ஒத்துக்கொண்டார். நடக்கிறாரா என்று பார்க்கத்தான் வாட்ச்.

தாதரில் நாலு கடை ஏறி இறங்கினேன். இதில் போன் பேசலாம், பாட்டுக் கேட்கலாம் என்று விற்பனையாளர் இந்தியில் அளந்துகொண்டே போனார். எனக்கு வேண்டியது வேறு. தினம் சார்ஜ் போடச் சொன்னால் இவர் மூன்றாம் நாளே கழற்றி டிவி பக்கத்தில் வைத்துவிடுவார். ஒரு வாரமாவது பேட்டரி நிற்கவேண்டும். கண்ணாடி இல்லாமல் படிக்கிற மாதிரி எழுத்து பெரிதாக இருக்கவேண்டும். மாவு ஒட்டினால் குழாயில் காட்டிக் கழுவ ரப்பர் பட்டை. முக்கியமாக, எத்தனை அடி நடந்தார் என்பது என் போனிலும் தெரியவேண்டும். எல்லாம் பொருந்திய ஒன்றைப் பிடித்துவிட்டுத்தான் வீடு திரும்பினேன்.

முருகன் படத்துக்கு முன்னால் வைத்து எடுத்ததும் அவர் இடது கையை நீட்டினார். ஒரு அதட்டல் போட்டேன்.

"புதுப் பொருள யாராவது பீச்சாங்கையில கட்டுவாவளா? வலது கையக் காட்டுங்க."

காட்டினார்.

முதல் நாளே பதினாலாயிரம் அடி. மறுநாள் இன்னும் கூடுதல். நான் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரிகளிடமெல்லாம் போனைக் காட்டிப் பீற்றிக்கொண்டேன். மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்தால் சர்க்கரை முன்பைவிட ஏறியிருந்தது. நான் விடாமல் போனை நீட்டினேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இவ்வளவு நடந்தும் குறையலன்னா வேற வழியில்லை. அடுத்த வாரம் ஊசி ஆரம்பிச்சிடலாம்" என்றார். என் வீட்டுக்காரர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வாட்ச் மேல் சந்தேகமே வரவில்லை, நான் பார்த்து வாங்கியது அல்லவா? இவர்தான் திருட்டுத்தனமாக ஜிலேபியோ வடாபாவோ உள்ளே தள்ளுகிறார் என்று முடிவுகட்டினேன். கையும் களவுமாகப் பிடிக்க ஒரு நாள் லீவு போட்டு, ஓட்டலில் தோசைக்கல் தெரிகிற மேசையாகப் பார்த்து உட்கார்ந்தேன்.

காலைக் கூட்டம் நெரிந்தது. அவர் வாயில் ஒரு துணுக்குகூடப் போடவில்லை. நின்ற இடத்தில் நின்றபடி மாவை ஊற்றி, கரண்டியால் வட்டம் வட்டமாக இழுத்தார். என் போனில் எண் ஏறியது. அடுத்த தோசை ஊற்றினார். மறுபடி ஏறியது. அரை மணி நேரத்தில், ஓர் எட்டுகூட எடுத்து வைக்காத மனுஷன் ஆயிரம் அடி நடந்து முடித்திருந்தார். வலது கையை நீட்டச் சொன்னவள் நான்தான்.

டீ குடிக்க வெளியே வந்தவரை மடக்கினேன்.

"சாயந்தரம் நடந்துதான வாரிய?"

அவர் வாட்ச் பட்டையைத் திருகிக்கொண்டே நின்றார். "மொத வாரம் நடந்தேன். பொறவு பஸ்சுதான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"பத்து மணி நேரம் நின்னுட்டு நடக்க முடியலட்டி. ரெண்டு பாதமும் தீயா எரியுது. நீ வேற அந்த நம்பரப் பாத்து அம்புட்டு சந்தோசமா இருந்த."

அன்று சாயங்காலமே அவரை இழுத்துக்கொண்டு செம்பூருக்குப் போனேன். தப்பு என்னுடையது என்று டாக்டரம்மாவிடம் நானே சொன்னேன். எனக்கு அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை. டாக்டரம்மா இவர் பாதங்கள் இரண்டையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், எரிச்சலுக்கு மாத்திரை எழுதினார், ஊசியை ஒரு மாதம் தள்ளிப்போட்டார். வேலைக்குப் போவதற்கு முன்னால், கால் களைக்காத நேரத்தில் நடக்கச் சொன்னார்.

மறுநாள் விடிந்ததும் வாட்சை இடது கையில் கட்டி, இரண்டு பேரும் கிளம்பினோம். ரயில் ஸ்டேஷனைக்கூடத் தாண்டவில்லை, அவர் நின்றுவிட்டார். கையைத் தூக்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

"எண்ணூறுதான்ட்டி காட்டுது. ஊசி போட்டுருவாவளா?"

இருபது வருஷக் குடித்தனத்தில் அவரிடம் அப்படிப் பயந்த குரலை நான் கேட்டதில்லை. நடைபாதை ஓரத்துக் கட்டையில் அவரை உட்காரவைத்து நானும் உட்கார்ந்தேன். செருப்பைக் கழற்றி அவர் பாதத்தை என் மடியில் எடுத்து வைத்துப் பிடித்துவிட்டேன். ரயிலுக்கு ஓடுகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.