குளத்தை விட்டுப் போன மூன்று வாத்துகள்

காலை எட்டே காலுக்குத் தொடங்கியது. என் மடியில் படப்புத்தகம், எதிரே ஒன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள். மறுநாள் டீச்சர் கழித்தல் கேட்பார். தெரியாவிட்டால் இன்னொரு வருஷம் அதே வகுப்புதான்.

சிலேட்டில் எண்களாக எழுதினால் விழிப்பாள். அதனால்தான் பழவங்காடிக் கடையில் அந்தப் புத்தகத்தை வாங்கினேன். ஒரு பக்கத்தில் குளம், அதில் ஏழு வாத்துகள். மூன்றை உள்ளங்கையால் மறைத்தேன்.

"மூணு வாத்து போயிடுத்து. மிச்சம் எத்தனைடீ?"

"ஏழு."

"சரியாப் பாரு."

"ஏழுதாம்மா."

மூன்றாம் தடவையும் ஏழு. இண்டர்மீடியட் படித்தவள் நான். தொடையில் கிள்ளிவிட்டேன். அவள் அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு, வாசலில் நின்று, "போறேன்" என்றாள்.

எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். போகிறவர் திரும்பி வரவேண்டாமா என்று திருத்தித் திருத்தி நானே பழக்கியது. கூப்பிட எழுந்தேன். தெருமுனை தாண்டிவிட்டாள்.

நாலு மணிக்குப் பள்ளி விடும். நாலரைக்கு வரவில்லை. ஐந்துக்கும் வரவில்லை. ஓடினேன். பள்ளிக் கேட் பூட்டியிருந்தது. கோயில் முக்கில் மலையாளத் தேங்காய்க் கடைக்காரர், "இந்த வழி கண்டில்லம்மா" என்றார். தம்பானூர் ஸ்டேஷன் பக்கம் ரயில் கூவியது. இன்றும் அவள் பத்து நிமிஷம் தாமதித்தால் அந்தக் கூவல் கேட்கிறது.

ஒருவேளை வந்திருப்பாளோ என்று வீட்டுக்கே திரும்பினேன். பூட்டிய கதவு பூட்டியபடியே இருந்தது.

ஆறு மணிக்கு டீச்சர் வந்தார், என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு.

"பேடிக்க வேண்டாம், பயமில்லை அம்மா. வீட்டுக்குப் போகமாட்டேன்னு கேட்டில நின்னா. பக்கத்துல என் வீட்டுக்குக் கூட்டிப் போய்க் காப்பி கொடுத்தேன். சொல்லி அனுப்ப ஆள் கிடைக்கலை, க்ஷமிக்கணும்."

குழந்தையைத் தடவித் தடவிப் பார்த்தேன்.

"கணக்கும் கேட்டாச்சு. வாத்து ஏழுதான்னா. ஏன்னு கேட்டேன். 'போனவா எல்லாரும் வரணும்னு அம்மா சொல்லியிருக்கா, வாத்தும் வந்துடும் டீச்சர்'னா." சிரித்தார். "பின்னே ஏழு மாங்காய் வரைஞ்சு, மூணைத் தின்னாச்சுன்னேன். சட்டுனு நாலுன்னா. தின்ன மாங்காய் திரும்பி வருமோ? இவள் ரெண்டாம் கிளாஸுக்குப் போகலாம். இனி கிள்ள வேண்டாம், கேட்டோ."