சுவருக்கு இரண்டு பக்கமும் பட்டினி

எங்கள் அப்பாவின் மடியில் தீப்பெட்டி இருந்து நான் பார்த்ததில்லை. சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் வேலை அவருக்கு. வீட்டில் அம்மா அடுப்புப் பற்றவைத்தால்கூடத் தள்ளித்தான் நிற்பார். அப்படிப்பட்ட மனிதர் விருதுநகர் பங்குனிப் பொங்கலில் அக்கினிச் சட்டியைக் கையில் ஏந்தினார் என்றால், அதற்குக் காரணம் இரண்டு பெண்களின் பிடிவாதம்.

ஒருத்தி என் அம்மா. முந்தின வருசம் எனக்கு அம்மை கண்டபோது, பிள்ளை பிழைத்தால் சட்டி எடுக்கிறேன் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். நான் பிழைத்துக்கொண்டேன். ஆனால் அடுத்த தை மாதம் அம்மாவுக்குக் கரு கலைந்து, ரத்தம் நிறையப் போய், ஆளே வெளிறிவிட்டாள். நின்றால் தலை சுற்றும். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள்.

இன்னொருத்தி அடுத்த வீட்டு நர்ஸ் அத்தை. வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்; எங்களுக்கு உறவில்லை. ஆனாலும் உறவுக்காரர்களைவிட உரிமையாகத் திட்டுவார். எனக்குத் தினமும் பன் வாங்கி வருவார். தினமும் ஆட்டு ஈரல் சூப் குடிக்க வேண்டும், வெயிலில் நிற்கவே கூடாது என்று அம்மாவுக்கு உத்தரவு போட்டிருந்தார். சூப்பினால் அம்மா முகத்தில் கொஞ்சம் ரத்தம் தெரிய ஆரம்பித்த நேரம், பங்குனி வந்துவிட்டது. கோயிலில் கொடி ஏறியதும் அம்மா கையில் காப்புக் கட்டிக்கொண்டாள். ஈரல் சூப்போடு எல்லாக் கவிச்சியும் நின்றது. சாப்பாடும் ஒருவேளையானது.

அத்தை கொதித்துப்போனார். "நெருப்போட மயங்கி விழுந்தேன்னா இந்தப் பிள்ளைக்கு யாருத்தா இருக்கா?"

"பிள்ளையைக் குடுத்தவகிட்டப் பொய் சொல்லச் சொல்லுதீகளா மதினி?" என்றாள் அம்மா. அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. எனக்கோ அம்மா விழுந்துவிடுவாளோ என்று பயம். எனக்காக நேர்ந்த சட்டி அல்லவா?

ஒருநாள் மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் தொப்பென்று ஒரு சத்தம். சுவரைப் பிடித்து நடக்கிற அம்மா ஓடினாள், நானும் பின்னால் ஓடினேன். டூட்டி முடிந்து வந்த வெள்ளைச் சேலையோடு அத்தை அடுப்படியில் கிடந்தார். அம்மா தண்ணீர் தெளித்து, தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அடுப்பு மூட்டிய அடையாளமே இல்லை. வேதக்காரர்களுக்கு அது ஈஸ்டருக்கு முந்தின தபசுக் காலம். அத்தையும் ஒருசந்தி, ஒருவேளைச் சாப்பாடுதான்.

"ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்லிட்டு நீங்க இங்கன பட்டினியாக் கெடக்கீகளாக்கும்! யாருக்காக மதினி இம்புட்டு ஒருசந்தி?"

அத்தை அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சுவரில் இருந்த மாதா படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா கண்ணைத் துடைத்தபடி பால் காய்ச்சினாள். திட்டுகிறவரே மாட்டிக்கொண்டார் என்று எனக்குள் ஒரே குஷி.

"நீ குடிச்சாத்தான் நான் குடிப்பேன்" என்றார் அத்தை. இரண்டு டம்ளர்களும் ஒன்றாகக் காலியாயின.

அங்கேயே ஒப்பந்தமும் ஆயிற்று. இரண்டு பேருக்கும் கவிச்சி கிடையாது. ஆனால் மத்தியானம் பாலும் கேப்பைக் கூழும் முருங்கைக்கீரையும் உண்டு. சட்டியை வீட்டில் வேறு யாராவது எடுக்கலாமா என்று பூசாரியைக் கேட்டார்கள். "குடும்பத்துல யாரு எடுத்தாலும் ஆத்தா ஏத்துக்கிடுவா" என்றார் அவர். மாதா கோயில் சாமியாரும் அத்தையிடம், உழைக்கிற உடம்புக்கு ஒருசந்தி கட்டாயமில்லை என்றாராம். நோயாளிகளுக்கு அத்தையே எடுத்துச் சொல்லும் சட்டம்தான் அது. அப்பாவை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை; அவர் கையிலும் காப்பைக் கட்டி, ஒருவேளைச் சாப்பாட்டில் விட்டுவிட்டார்கள்.

அப்பா மஞ்சள் வேட்டியில், வேப்பிலை மேல் சட்டியை ஏந்தி நடந்தார். கம்பெனியில் மருந்துத் தட்டைத் தூக்கும் அதே அலுங்காத நடை. ஒரு பக்கம் ஈரச் சேலையோடு அம்மா. மறுபக்கம் செருப்பில்லாமல் நர்ஸ் அத்தை, முந்தானைக்குள் பால் செம்பை மறைத்துக்கொண்டு. நான் நெருப்பைப் பார்க்கவில்லை, அம்மாவின் கால்களையே பார்த்துக்கொண்டு போனேன். அவை தடுமாறவேயில்லை.

கோயிலில் சட்டியை இறக்கிவிட்டு அப்பா தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கம்பெனில தெரிஞ்சா சீட்டைக் கிழிச்சிருவாக" என்றார். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. ஈஸ்டர் கழிந்ததும் இரண்டு வீட்டிலும் ஈரல் மணத்தது.

நர்ஸ் அத்தை பட்டினியில் பிடிபட்ட கதையை நான் ரொம்ப காலம் வேடிக்கையாகச் சொல்லித் திரிந்தேன். எல்லாரும் சிரிப்பார்கள், அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள். அத்தை அந்த வருசம் ஒருசந்தி இருந்தது அம்மாவின் உடம்பு தேற வேண்டும் என்றுதான். அன்றைக்கு அந்தப் பார்வையிலேயே அம்மாவுக்கு அது தெரிந்துவிட்டது, எனக்குத்தான் தெரியவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்காக ஒருத்தி பட்டினி. அந்தப் பக்கம் அவளுக்காக இன்னொருத்தி பட்டினி. அந்தப் பங்குனியில் இரண்டு வீட்டிலும் வயிறு நிறையச் சாப்பிட்டவள் நான் ஒருத்திதான்.