மீன் இல்லாத வங்காளம்

எழுபதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திரமும் பூகோளமும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வயது இருபத்தைந்து. உலகத்தையே ஒரு கை பார்த்துவிடலாம் என்று தோன்றுகிற வயது. கையெழுத்து வேறு முத்து முத்தாக இருக்கும், அதனால் அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிற எல்லாவற்றையும் என்னிடமே தள்ளிவிடுவார்கள். ‘வராந்தாவில் ஓடக் கூடாது.’ ‘மணி அடித்த பிறகு தண்ணீர் குடிக்கப் போகக் கூடாது.’ ‘அசைவ உணவு கொண்டுவரும் மாணவிகள் குழாயடியில் அமர்ந்து சாப்பிடவும்.’ இந்தக் கடைசி விதி என் சொந்த யோசனை. இரண்டு அம்மாக்கள் வாடை என்று புகார் சொல்ல வந்தபோது தலைமையாசிரியை கையைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் பத்தே நிமிஷத்தில் தீர்த்துவைத்து சபாஷ் வாங்கினேன்.

இந்த லட்சணத்தில்தான் நான் பிள்ளைகளுக்குப் பிற மாநிலங்களைப் பற்றிச் சொல்லித்தரக் கிளம்பினேன்.

ஆரம்பித்தது எங்கள் வீட்டுக் கூடத்தில். அண்ணாவுக்கு பாங்க் வேலை. அவனுடைய சிநேகிதர்களில் நாலா பக்கத்து மனிதர்களும் உண்டு. ஒரு நாள் காபி குடித்துக்கொண்டே ஒரு கன்னட ஆபீசர், “உங்க ஊர்ப் பிள்ளைகளுக்கு மைசூர்னா ஒரு அரண்மனை, ஒரு பாகு, அவ்வளவுதான்” என்று சீண்டினார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். “அப்படின்னா நீங்களே வந்து சொல்லுங்கோளேன்” என்றேன். மனுஷர் நிஜமாகவே வந்துவிட்டார். இரண்டாம் சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை என்பதால் மாதா மாதம் அன்றைக்கே வகுப்பு என்று ஆயிற்று. வருகிறவர் தம் ஊரைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும், தம் வீட்டுப் பலகாரம் ஏதாவது கொண்டுவர வேண்டும். சம்பளம் கிடையாது, கைதட்டல் உண்டு. அடுத்த மாதம் வந்த மலையாள லேடி டாக்டரின் நேந்திரங்காய் வறுவலுக்குக் கேரளத்தையே எழுதிக் கொடுத்துவிடப் பார்த்தார்கள் எங்கள் பெண்கள்.

“ரெண்டாம் சனிக்கிழமையும் ஸ்கூலா? ஆத்துல ஒரு வேலை கிடையாதா உனக்கு?” என்று அம்மா தினமும் ஒரு பாட்டம் அர்ச்சனை செய்வாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த வகுப்பு எனக்கு உயிராகிவிட்டிருந்தது.

தாளாளர் காதுக்கு விஷயம் போனது. கூப்பிட்டு அனுப்பினார். “நன்னாத்தான் இருக்கும்மா. ஆனா பெத்தவா யாராவது ஒரு வார்த்தை குறை சொன்னா அன்னியோட நிறுத்திடுவேன். அடுத்த வகுப்புக்கு நானே வந்து உட்கார்றேன், பார்த்துட்டுச் சொல்றேன்” என்றார்.

அடுத்த வகுப்பு வங்காளம். வங்காளம் என்றாலே மீன்தான்.

பேச வருவதாக இருந்தவர் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் இன்ஜினியர். கல்கத்தாக்காரர், ஆறு வருஷமாக மெட்ராஸ் வாசம். தமிழ் கற்றுக்கொண்டது முழுக்க முழுக்கப் பட்டறைத் தொழிலாளிகளிடம். அதனால் அவர் வாயைத் திறந்தால் எங்கள் தெருவில் ஜன்னலைச் சாத்துவார்கள். ராஜா அண்ணாமலைபுரத்தில் இருந்த அவர் வீட்டுக்கு முதல் நாள் சாயங்காலமே ஓடினேன்.

“சார், ஒரே ஒரு வேண்டுகோள். மீனைப் பத்தி மட்டும் பேச வேண்டாம்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இன்னா டீச்சர், பெட்ரோல் ஊத்தாம வண்டி ஓட்டச் சொல்றீங்கோ?”

தாளாளர் வருவதைச் சொன்னேன். வகுப்பையே மூடிவிடுவார் என்றேன். கிட்டத்தட்ட அழுதேன். “சரி, வுடுங்க. உங்களுக்கோசரம்” என்றார். அவர் மனைவி உள்ளே பாலைத் திரித்து இனிப்புக்கு உருட்டிக்கொண்டிருந்தார், அந்த வாசனையில் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

மறுநாள் தாளாளர் முதல் வரிசையில், விசிறி மடிப்பு அங்கவஸ்திரத்தோடு. இன்ஜினியர் பேசினார். ஆறுகள், வெள்ளம், தெருவுக்குள் படகு வருவது, டிராம், பூஜைப் பந்தல். வார்த்தைக்கு வார்த்தை நெற்றியைத் துடைத்துக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், நாங்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து அன்றைக்கு ஒரு மாநிலத்து மீனையெல்லாம் மறைத்தோம். தாளாளர் தலையாட்டி ரசித்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிஷம் தாண்டினால் கரை சேர்ந்துவிடலாம்.

கடைசி பெஞ்சில் ஒருத்தி எழுந்தாள். கடற்கரைக் குப்பத்திலிருந்து வருகிற ஒன்பதாம் வகுப்புப் பெண். என் வகுப்பில் இரண்டு வருஷமாக வாயே திறக்காதவள். இன்ஜினியரின் தமிழ் அவள் வீட்டுத் தமிழ் மாதிரியே இருந்ததில் தைரியம் வந்துவிட்டது போலிருக்கிறது.

“சார், அவ்ளோ ஆறு கீதுன்றீங்க, ஊட்டுக்கு ஊடு படகு கீதுன்றீங்க. அதுல போய் இன்னா சார் புடிப்பாங்க?”

இன்ஜினியர் என்னைப் பார்த்தார். நான் தாளாளரைப் பார்த்தேன். பிறகு இன்ஜினியரைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

அவர் சாக்பீஸைக் கையில் உருட்டினார். “ஒண்ணியும் புடிக்க மாட்டாங்கம்மா. சும்மா போய்க்கினு வருவாங்க.”

வகுப்பே சிரித்தது. அவள் முகம் சின்னதாகிப்போய் உட்கார்ந்தாள். தாளாளரும் சிரித்தபடி எழுந்து, “பேஷ். வகுப்பு மாசா மாசம் நடக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவரைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்தேன். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

நன்றி சொல்லலாம் என்று தேடினால் இன்ஜினியரைக் காணோம். குழாயடியில் கும்பலாக இருந்தது. போய்ப் பார்த்தால் அவர் பேண்ட்டை முட்டிக்கு மேல் இழுத்துவிட்டுக் குந்தியிருக்கிறார். சிமென்ட் தரையில் சாக்பீஸால் பெரிதாக ஒரு மீன். அந்தப் பெண் டிபன் டப்பாவை மடியில் வைத்தபடி குனிந்து பார்த்தாள்.

“ஐய, இது கொடுவா சார்!”

“எங்க ஊர்ல பேட்கி. கடுகு அரைச்சுப் போட்டு வெப்பாங்க.”

“கடுகை அரைப்பாங்களா? தாளிக்கத்தானே சார் போடுவாங்க!”

“அரைச்சுப் பாரு, அப்பால சொல்லு. நான் பொய் சொன்னதுக்குக் கோச்சுக்காதே.”

கொடுவா எந்த மாசம் கரைக்கு வரும், வலையில் எப்படித் துள்ளும் என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் குழந்தை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். இருபது பெண்கள் சுற்றி நின்றார்கள், சைவம் அசைவம் எல்லாம் கலந்து. நான் மாதக்கணக்கில் நடத்த நினைத்த வகுப்பு அங்கே நடந்துகொண்டிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டால் உடனே எதையாவது ஏற்பாடு செய்துவிடுவது என் சுபாவம்.

“உங்க அப்பா எந்த ஊர் வரைக்கும் தொழிலுக்குப் போவார்?” என்று அவளைக் கேட்டேன்.

“நெல்லூராண்ட, காக்கிநாடா வரிக்கும் போவாரு டீச்சர். மாசக்கணக்குல அங்கியே தங்குவாரு. தெலுங்குல பாட்டே கட்டுவாரு.”

“அடுத்த மாசம் ஆந்திரா. அவரையே வந்து பேசச் சொல்லேன். பாங்க் ஆபீசர், டாக்டர் எல்லாரும் வந்தாளோல்லியோ, அதே மாதிரி.”

அவள் ஒரு கணம் சந்தோஷப்பட்டாள், நான் பார்த்தேன். பிறகு டப்பாவை மூடினாள். கோபமே இல்லாமல் சொன்னாள்:

“நைனா வர மாட்டாரு டீச்சர். மீன் துன்றவங்க கொழாயாண்டதான் குந்தணும்னு எழுதி ஒட்டிக்கீதுன்னு அவருக்குத் தெரியும். பீஸ் கட்ட வந்தப்போ நான்தான் படிச்சுக் காமிச்சேன்.”

அந்தத் தாளை அப்போதே போய்க் கிழித்தேன் என்று எழுதத்தான் ஆசை. தலைமையாசிரியையிடம் சண்டை போட்டு, தாளாளரிடம் திட்டு வாங்கி, கிழிக்க மூன்று வாரம் ஆயிற்று. கிழித்த அன்று அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். வீட்டில் சொல்கிறேன் என்றாள்.

அடுத்த இரண்டாம் சனிக்கிழமை, முதல் வரிசையில் அவள் அப்பாவுக்கென்று ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தேன். அவள் அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி ஒன்று அடிக்கிறவரைக்கும் அவர் வரவில்லை.